மூன்றாவது இயந்திரம் வேண்டாம் என்றேன்

நான் ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தேன். வேலையை மட்டுமல்ல, இந்த ஊரில் அவருக்கு இருந்த பெயரையும் கெடுத்தேன். அவர் என்னைவிட முப்பது வயது இளையவர், தொழிலை என்னைவிட நன்றாக அறிந்தவர். அவர் போட்ட திட்டத்தின் ஒரு பகுதியை, நானே நம்பாத ஒரு காரணத்தைச் சொல்லி வெட்டினேன். அதனால் குழப்பம் வந்தபோது, பழி அவர் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. அன்று நான் பேசிய அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால், அது என் வாயிலிருந்து வந்ததுதானா என்று இன்றும் திகைப்பாக இருக்கிறது.

கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்னணுவியல் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் திருநெல்வேலி டவுணில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஆலோசகராக இருந்தேன். அதன் உரிமையாளரான டாக்டருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். குடும்பப் பழக்கம், என்னை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். மருத்துவமனை ரத வீதியின் இரு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் பழைய கட்டடம்: அவசரச் சிகிச்சை, ஆண்கள் வார்டு. எதிர்ப்பக்கம் புதிய கட்டடம்: ஆய்வகம், ஸ்கேன், பிரசவ வார்டு. இரண்டிலும் நோயாளிகளைப் பதிவு செய்வார்கள்.

அதுவரை எல்லாப் பதிவும் ஒரே கணினியில் இருந்தது. ஒரு நாள் தரவு வைத்திருக்கும் அதன் வட்டு செத்துப்போய், ஒன்றரை நாள் நோட்டில் எழுதிச் சமாளித்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே என்ன ஆனாலும் நிக்கக் கூடாது அண்ணாச்சி. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு எந்திரிக்கணும். அந்த அம்மாவும் நீங்களும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

அந்த அம்மா என்று அவர் சொன்னது மருத்துவமனையின் கணினிப் பொறியாளரை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். கணவருக்கு அங்கேயே பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை, ஒரு பெண் குழந்தை. வெளியூர் போய்ச் சம்பாதிக்கும் நிலையில் அவர் இல்லை. இந்த வட்டாரத்தில் கிடைக்கும் வேலைதான் அவருக்கு வேலை. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல கணினிகள் தனித்தனியே இருப்பதுபோல இயங்க வைக்கலாம். அவற்றை மெய்நிகர் சர்வர்கள் என்கிறார்கள். பதிவுக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று எங்களுக்கு நான்கு தேவை. பெரிய இயந்திரம் விழுந்தால் இந்த நான்கும் அடுத்த இயந்திரத்தில் உடனே எழ வேண்டும். தரவு விழுந்த இயந்திரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் எப்படி எழும்? ஆகவே இரண்டுக்கும் பொதுவான ஒரு சேமிப்பு வேண்டும். அதை எப்படி அமைப்பது என்பதுதான் கேள்வி.

நான் ஒரு பெரிய சேமிப்புப் பெட்டியின் விளக்கப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். இரண்டு இயந்திரங்கள், இரண்டும் அந்த ஒரே பெட்டியோடு இணைப்பு. அரை மணி நேரம் பேசினேன். பலகையில் படம் வரைந்தேன். வகுப்பறை திரும்பக் கிடைத்த மகிழ்ச்சி. முடித்ததும் பொறியாளர் கேட்டார்:

"அந்தப் பெட்டி இருக்கிற ரூம்ல தீப்பிடிச்சா சார்?"

நான் படத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் டாக்டர் சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, அந்த அம்மா ஒரே கேள்வியில ஒங்க படத்தை அழிச்சிட்டாவளே!"

ஆய்வகத் தலைவர், மருந்தகப் பொறுப்பாளர் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அவருடைய திட்டம் எளிமையானது. தனிப் பெட்டி வேண்டாம். பழைய கட்டடத்தில் ஒரு இயந்திரம், புதிய கட்டடத்தில் ஒரு இயந்திரம். ஒவ்வொன்றிலும் அதற்கான வட்டுகள். ஒன்றில் எழுதுவது அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும். இரண்டையும் இணைக்க வீதிக்கு மேலே மாடியிலிருந்து மாடிக்கு ஒரு கண்ணாடி இழைக் கம்பி. இவற்றோடு மூன்றாவதாக ஒரு சின்ன இயந்திரம், சாப்பாட்டு டப்பா அளவுதான், டாக்டர் வீட்டில் இருக்கும். அதில் தரவு எதுவும் கிடையாது. அதன் வேலை சாட்சி சொல்வது மட்டும்.

"நடுவுல கம்பி அறுந்துட்டுன்னு வைங்க சார்" என்று விளக்கினார். "இது நினைக்கும் அது செத்துட்டுன்னு. அது நினைக்கும் இது செத்துட்டுன்னு. ரெண்டும் நான்தான் உசிரோட இருக்கேன்னு தனித்தனியா எழுத ஆரம்பிச்சிரும். அப்புறம் எந்த எழுத்தை நம்ப? மூணாவது ஒண்ணு இருந்தா, அது யார் பக்கம் கை தூக்குதோ அந்த இயந்திரம் மட்டும் ஓடும். மத்தது ஒதுங்கி நின்னுக்கிடும்."

மிகச் சரியான திட்டம். எனக்கு அப்போதே அது தெரிந்தது. என் பெட்டி போய்விட்டது என்பதும் தெரிந்தது. ஆனாலும் முழுத் திட்டமும் அவருடையதாக நிறைவேறுவதை என்னால் தாங்க முடியவில்லை. என் கை எங்காவது படவேண்டும். எதையாவது கூட்ட முடியாதென்றால் எதையாவது குறைக்க வேண்டும்.

செலவைக் காரணம் சொல்ல முடியாது. அந்தச் சின்ன இயந்திரத்துக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. தொழில்நுட்பக் காரணமும் இல்லை. இரண்டு நாள் கழித்து டாக்டரின் அறையில் தனியாக இருந்தபோது சொன்னேன்:

"எல்லாம் சரிதான் டாக்டர். ஆனா மூணா வாங்க வேண்டாம். புதுசா ஆரம்பிக்கிற காரியம். நம்ம பக்கம் மூணு வைக்க மாட்டாங்கல்லா."

நான் மூன்று ஆகாது என்று நம்புகிறவன் இல்லை. பந்தியில் மூன்று வடை வைத்தால் மூன்றையும் சாப்பிடுகிறவன். டாக்டர் நம்புகிறவர் என்று நினைத்தேன். புதிய கட்டடத்துக்கு மனை பார்க்க அவரும் நானும் கட்டட மேஸ்திரியுமாக மூன்று பேர் கிளம்பியபோது, டாக்டர் வாசலில் குனிந்து ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதை நினைவில் வைத்துத்தான் பேசினேன்.

டாக்டர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி அண்ணாச்சி. நீங்க சொன்னாச் சரி" என்றார். பேச்சு முடிந்தது.

பொறியாளரிடம், "சாட்சி இயந்திரம் தேவையில்லைன்னு முடிவாயிட்டு. நான் எல்லாம் பாத்துட்டேன்" என்றேன். அவர் திட்டத் தாளில் அந்தச் சின்ன இயந்திரத்தின் மேல் ஒரு கோடு போட்டார். "நீங்க பாத்துட்டீங்கன்னா சரி சார்" என்றார். அந்த வார்த்தையை நான் கிண்டலாக எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் வேலை முடிந்தது. மூன்றாவது இல்லாததால், கம்பியில் தடங்கல் வந்தால் இரண்டு இயந்திரங்களும் நின்றுவிட வேண்டும் என்று அவர் அமைத்திருந்தார். அதுதான் பாதுகாப்பு. மாசியில் ஒரு நாள் கம்பியின் இணைப்பு முனை தளர்ந்து இருபது நிமிடம் எல்லாமே நின்றது. டாக்டர் கத்தினார். நான் பொறியாளரிடம் போய், "நிக்கக் கூடாதுன்னுதானம்மா இவ்வளவும் பண்ணினோம்? கம்பி போனா அததுபாட்டுக்கு ஓடட்டும். மாத்திருங்க" என்றேன்.

"அது ஆபத்து சார். ரெண்டும் தனித்தனியா எழுதிரும்."

"கம்பி எங்க போகப்போவுது? அப்படியே போனாலும் அஞ்சு நிமிசத்துல பாத்திர மாட்டோமா? மாத்துங்க."

மாற்றினார். மாற்றங்களை எழுதி வைக்கும் பதிவேட்டில் நாளும் நேரமும் குறித்துத் தன் கையெழுத்தைப் போட்டார். "யார் சொல்லி" என்ற கட்டம் அந்தப் பதிவேட்டில் கிடையாது.

ஆனி மாதம் தேர் வந்தது.

டவுணில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேருக்கு முன்னால் ரத வீதிகளின் குறுக்கே போகும் கம்பி ஒன்றுகூட இருக்காது. தேரின் உயரம் அப்படி. டிவி கம்பி, தொலைபேசிக் கம்பி, விளம்பரத் தட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. சிறுவயதில் வடம் பிடித்தவன் நான். கழற்றுகிறவர்கள் ஏணியோடு வருவதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவன். வீதிக்கு மேலே கம்பி கட்டலாம் என்று முடிவு செய்த கூட்டத்தில், அந்த மேசையைச் சுற்றி டவுண்காரர்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவருக்கும் தேர் நினைவுக்கு வரவில்லை. தேர் வேறு எதிலோ சேர்ந்தது, இயந்திரம் வேறு எதிலோ சேர்ந்தது என்று எங்கள் மண்டையில் தனித்தனியாக வைத்திருந்தோம் போலிருக்கிறது.

தேரன்று காலை பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் டாக்டர் குடும்பத்துக்கும் எனக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். என் நாற்காலிக்கு இடம் போதவில்லை. தரையில் ஒரு கறுப்புக் கம்பிச் சுருள் கிடந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாகக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கீழே வீதி முழுக்கத் தலைகள். தேர் ஆடி அசைந்து வந்தது. எழுந்து நின்று கைகூப்பினேன். இரண்டு இயந்திரங்களையும் இணைத்த கம்பி அப்போது என் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

அதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே அது கழற்றப்பட்டிருந்தது. கழற்றியவர்கள் கீழே வரவேற்பில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வரவேற்பில் இருந்த பெண் அதை டிவி கம்பி என்று எண்ணிக்கொண்டார். நான் சொன்னபடியே இரண்டு கட்டடங்களிலும் எல்லாம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால், ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

மத்தியானம் தேர் எங்கள் வீதியைக் கடந்த பிறகு கீழே இறங்கினேன். ஆண்கள் வார்டில் ஒரே சிரிப்பு. வடம் பிடிக்கும்போது நெஞ்சு வலித்து விழுந்த ஒரு பெரியவரைக் காலையில் சேர்த்திருந்தார்கள். எதிர்க் கட்டட ஆய்வகத்திலிருந்து கூட்டத்துக்குள் புகுந்து ஒருவர் சீட்டுகளைக் கொண்டு வந்திருந்தார். ஆய்வகச் சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வார்டின் மூத்த செவிலியர் ஒரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏ தாத்தா! ஒமக்குக் கர்ப்பம்னு வந்திருக்கு வே!"

"பொறக்கட்டும், பொறக்கட்டும். என் பொண்டாட்டி இருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பா" என்றார் பெரியவர், மூச்சு வாங்கிக்கொண்டே. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், "பேறுகாலத்துக்கு எங்கன போகப்போறீரு, பொறந்த வீட்டுக்கா?" என்று கேட்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற பொறியாளர் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்தார். பெரியவரின் கட்டிலில் தொங்கிய அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. 

"சார், கம்பி எங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.  மாடியில் காலால் தள்ளிய சுருளின் பாரம் இன்னும் என் காலிலேயே இருந்தது.

அந்த எண்ணைப் பழைய கட்டடத்து இயந்திரம் பெரியவருக்குக் கொடுத்திருந்தது. அதே எண்ணைப் புதிய கட்டடத்து இயந்திரம் ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்திருந்தது. அவருடைய ஆய்வகச் சீட்டு இங்கே வந்துவிட்டது என்றால், பெரியவருடைய மருந்துச் சீட்டு எங்கே? அவருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசி எழுதியிருந்தார்கள். பொறியாளர் தொலைபேசியை எடுத்தார், எதிர்க் கட்டடத்தில் யாரும் எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வீதியைக் கடந்து ஓடினார். நான் ஓட முடியாமல் வாசலிலேயே நின்றேன்.

கர்ப்பிணிக்கு அந்த ஊசி போடப்படவில்லை. பிரசவ வார்டில் இருந்த செவிலியர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டிருக்கிறார், மருந்துச் சீட்டில் ஆண் பெயர் இருந்ததால் ஒதுக்கி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். எங்கள் அமைப்பு எதுவும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றவில்லை. ஒருவர் பெயர் கேட்டார், அதனால் தப்பினார்.

மாலையில் கம்பியை மறுபடி கட்டினார்கள். இரண்டு இயந்திரங்களும் சேர மறுத்தன. காலையிலிருந்து இரண்டும் தனித்தனியே எழுதியிருந்தன. இரண்டிலும் இருந்தது உண்மை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால்தான் மறுபடி இணைக்க முடியும். நான் அழித்துவிடலாம் என்றேன். பொறியாளர் என் பேச்சைக் கேட்கவில்லை. புதிய கட்டடத்தின் பதிவுகளைத் தனி வட்டில் நகலெடுத்துவிட்டு, நான்கு நாள் உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றினார். சிலரைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கர்ப்பிணியின் கணவர் வந்து வரவேற்பில் சத்தம் போட்டார். "எம் பொண்டாட்டிக்கு எதை ஏத்தப் பாத்தீங்கலே? ஆஸ்பத்திரியா நடத்துதீங்க?" என்று அவர் கேட்டது மாடி வரை கேட்டது.

டாக்டருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். மாசி மாதப் பக்கத்தைத் திறந்தார்.

"கம்பி போனாலும் ஓடட்டும்னு மாத்தினது யாரு?"

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் எதிரே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அதில் எந்த எழுத்தையும் நான் படிக்கவில்லை.

"நான்தான் மாத்தினேன் சார்" என்றார் அவர்.

மறு வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. விலகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் அந்தச் சம்பவத்துக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது: 'அந்த அம்மா பண்ணின குளறுபடி.' நான் அதைத் திருத்தவில்லை. எனக்குள் சமாதானங்கள் தயாராக இருந்தன. மாற்றியது அவர் கைதானே. அவர் மறுத்திருக்கலாமே. வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும்.

கிடைக்கவில்லை என்பது ஒன்றரை வருடம் கழித்துத் தெரிந்தது. டாக்டரின் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொலைபேசி வந்தது. அவர் பேசியதை மட்டும் கேட்டேன். "ஆமா, எங்ககிட்டதான் இருந்தாவ... நல்ல மாதிரிதான்... ஆனா ஒரு தடவை எல்லாத்தையும் குழப்பி விட்டுட்டாவ. உயிர் போற காரியம்... பாத்துக்கிடுங்க." வைத்துவிட்டு என்னிடம் இயல்பாகச் சொன்னார்: "கங்கைகொண்டான்ல ஒரு கம்பெனி. அந்த அம்மா அங்க வேலைக்குப் போட்டிருக்காவ போல. இத்தோட மூணு நாலு இடத்துல கேட்டுட்டாவ."

மூன்று நாலு இடம். ஒவ்வோர் இடத்துக்கும் இதே பதில் போயிருக்கிறது. நான் இருந்த அறையிலிருந்தே போயிருக்கிறது.  காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"டாக்டர், அந்தத் தப்பு என்னோடது" என்றேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். மாசியில் மாற்றச் சொன்னது நான். அதற்கும் முன்னால், மூன்றாவது இயந்திரம் இருந்திருந்தால் இது நடந்திருக்கவே செய்யாது. அதை வெட்டியது நான். "மூணு ஆகாதுன்னு ஒங்ககிட்ட சொன்னேன் இல்லியா? நீங்க அதை நம்புறவருன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது."

டாக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நான் எங்க நம்புதேன் அண்ணாச்சி?"

"அன்னைக்கு மனை பாக்கப் போகும்போது கல் எடுத்தீங்களே."

"அது எங்க அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. எடுக்கலேன்னா விடமாட்டாங்க. தெரு திரும்பினதும் தூரப் போட்டுட்டேன்." அவர் குரல் இறங்கியது. "நீங்க நம்புதீங்கன்னு நினைச்சேன். இவ்வளவு படிச்ச மனுசன் கூச்சத்தை விட்டுட்டு நம்மகிட்ட வந்து சொல்லுதாரே, மனசைப் புண்படுத்த வேண்டாம்னுதான் சரின்னேன்."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் யாரும் நம்பாத ஒன்றுக்காக ஒரு பெண் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார்.  

பதிவேட்டை வரவழைத்தேன். மாசி மாதப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே, 'இதை மாற்றச் சொன்னவன் நான். அவர் ஆபத்து என்று எச்சரித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்ததை முழுதாக ஒரு தாளில் எழுதி, டாக்டரையும் அதில் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறினேன்.

பொறியாளர் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும், "என்ன சார், ஆஸ்பத்திரியில எதும் நின்னுபோச்சா?" என்றுதான் கேட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி அதே வரியைப் படித்தார்.

"மூணு ஆகாதுன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"நீங்க ஏதோ கணக்குப் போட்டுப் பாத்துத்தான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு நினைச்சேனே சார்!" அவர் கண்கள் விரிந்திருந்தன. "நான் பாத்துட்டேன்னு சொன்னீங்களே. எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதை வச்சுத்தான் சொல்லுதீங்கன்னு நம்பினேன். இந்த ஒன்றரை வருசமா அது என்னன்னு தேடிக்கிட்டிருக்கேன். புஸ்தகத்துல தேடினேன். நெட்ல தேடினேன். ரெண்டே ரெண்டை வச்சு எப்படிச் சரியா ஓட்டலாம்னு. எனக்குத்தான் தொழில் தெரியலேன்னு நினைச்சேன்."

அவர் என்மேல் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்து, அதற்குரிய முகத்தோடு போயிருந்தேன். நான் எடுத்துக்கொண்டது அவர் வேலையை மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். தன் அறிவின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டேன் என்பது அந்தக் கணம் வரை எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து அன்றைய கூட்டம், அவர் கேள்வி, எல்லோரும் சிரித்தது, எனக்கு எரிந்தது என்று நீளமாக விளக்கினேன். அவர் குறுக்கிட்டார்.

"லெட்டர் இருக்கட்டும் சார். இதை வச்சுக்கிட்டு நான் ஒவ்வொரு வாசலாப் போய்க் காட்டவா? அவரு போன்லதான சொன்னாரு? அதே ஆளுகளுக்கு அதே போன்ல சொல்லச் சொல்லுங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாழைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. அவரிடம் பேசியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கருங்குளம் வரும்போது தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பேசியதில் மன்னிப்பு என்ற சொல்லே இல்லை. வரலாறு சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லியிருக்கிறேன். கடிதம் கொடுத்திருக்கிறேன். வகுப்பு நடத்திவிட்டு வந்திருக்கிறேன்.

"நிப்பாட்டுங்க" என்று எழுந்தேன். "இப்பதானய்யா நிப்பாட்டினேன். ஏறும்போதே சொல்லப்படாதா, எங்கன எறங்கணும்னு?" என்று நடத்துனர் சலித்துக்கொண்டார். இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. வெயிலில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன சார், எதையும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"மன்னிப்புக் கேக்காமப் போயிட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர் பூட்டைத் திறந்தார். "போன் பண்ணச் சொல்லுங்க சார்" என்றார். "பிள்ளைக்குச் சோறு போடணும்." கதவைச் சாத்தவில்லை. உள்ளே வரவும் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் என் எதிரில் உட்கார்ந்து, முன்பு கேட்ட ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பேசினார். "நான் அந்த அம்மாவைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். தப்பு எங்க ஆலோசகரோடது." கங்கைகொண்டான் கம்பெனிக்காரர் ஆலோசகரின் பெயரைக் கேட்டார் போலிருக்கிறது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையசைத்தேன். முழுப் பெயரையும் சொன்னார். அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனியில் இன்னோர் இடம் காலியானது. அவரைக் கூப்பிட்டார்கள். சேர்ந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னது அந்த மூத்த செவிலியர். என்னை ஆலோசனைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பள்ளிகள் அதன் பிறகு கூப்பிடவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

போன மாதம் டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தார். இயந்திரங்கள் பழையதாகிவிட்டன, புதிதாக அமைக்கப் போகிறார்கள். அவரே பொறியாளருக்குத் தொலைபேசி போட்டு யோசனை கேட்டாராம். வேலைக்குத் திரும்ப வர முடியாது என்று சொல்லிவிட்டு, என்ன வாங்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும், வீதிக்கு அடியில் குழாய் பதித்துத்தான் கம்பி கொண்டுபோக வேண்டும் என்று இருபது நிமிடம் பொறுமையாக எழுதிக்கொள்ளச் சொன்னாராம்.

"ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாவ அண்ணாச்சி" என்று டாக்டர் தயங்கினார்.

"சொல்லுங்க."

"எழுதினதை ஒங்ககிட்ட காட்டக் கூடாதாம்."

தாள் அவர் சட்டைப்பையில் நாலாக மடித்து இருந்தது. வெளியே தெரிந்தது. காட்ட வேண்டாம் என்றேன்.